மக்கள் திலகத்தின் இரு குரல்கள்

பேசுவதற்கு வாயும் கேட்பதற்குச் செவியும் அமைந்துவிட்டால் உரையாடல் தானே நிகழ்ந்துவிடும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நாள்தோறும் எளிதாக நடைபெறும் செயலாதலின், அதன் அருமை நமக்குப் புலப்படுவதில்லை. செவியில் ஒரு குறை நேரும்போதும், நாவில் ஒரு தளர்ச்சி தோன்றும்போதும், சுற்றிலும் இரைச்சல் சூழும்போதும்தான் ஒரு சொல் ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் உள்ளத்தைச் சென்றடைவது எத்துணை அரிய செயல் என்பது விளங்குகின்றது.

இவ்வுண்மையை நூல்களில் தேடிப் படிக்கலாம். ஆனால் தமிழ்நாட்டு மக்கள் அனைவரும் தம் கண்ணெதிரே கண்ட ஒரு வாழ்க்கையிலும் அதனைக் காணலாம். அவ்வாழ்க்கைக்கு உரியவர் மக்கள் திலகம் எம்.ஜி.ஆர். ஆவார். நடிகராகவும் கட்சித் தலைவராகவும் முதலமைச்சராகவும் அவரைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் பல. அவருடைய ஆட்சியைப் பற்றிய மதிப்பீடுகளும் பலவாறாக உள்ளன. அவற்றுள் புகாமல், அவருடைய குரலையும் செவியையும் மட்டும் பின்பற்றிச் சென்று அவ்வாழ்வைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கொங்கு நாட்டுக்கும் அக்குரலுக்கும் உள்ள உறவு மிகப் பழைமையானது என்பதால், கோவையில் வாழும் நமக்கு இது அயலார் கதையன்று.

நாடக மேடை வளர்த்த குரல்

மருதூர் கோபால மேனன் இராமச்சந்திரன் 1917ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17ஆம் நாள் இலங்கையில் கண்டிக்கு அருகிலுள்ள நாவலப்பிட்டியில் பிறந்தார். தாயார் பெயர் சத்தியபாமா. மழலைப் பருவத்திலேயே தந்தையை இழந்த அவரையும் அவருடைய தமையனார் சக்கரபாணியையும் அழைத்துக்கொண்டு அன்னையார் கும்பகோணம் வந்து சேர்ந்தார். வறுமை அக்குடும்பத்தை வாட்டியது. ஆனையடிப் பள்ளியில் தொடங்கிய படிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. பசியாற்றவும் பிழைக்கவும் வழிதேடிச் சகோதரர் இருவரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தனர்.

அக்காலத்து நாடகக் கம்பெனி ஒரு குருகுலம் போன்றது. ஆடலும் பாடலும் சண்டையும் அங்கே கற்பிக்கப்பட்டன. அனைத்தினும் மேலாகச் சொல்லைத் தெளிவாக உச்சரிக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவரின் செவிக்கும் சொல் சென்று சேர வேண்டும். வெறுமனே உரக்கக் கத்தினால் அது கைகூடாது. கத்தும்போது உயிரொலிகள்தாம் பெருக்கின்றன. மெய்யொலிகள் அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. ஆகவே மெய்யெழுத்துகளைத் திருத்தமாகவும் அழுத்தமாகவும் ஒலிக்கும் பழக்கத்தை நாடக ஆசிரியர்கள் சிறுவர்களுக்கு ஊட்டினர்.

தொல்காப்பியர் தம் பிறப்பியலில் எழுத்துகள் பிறக்கும் இடங்களைத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டாக வகுத்துக் காட்டியிருப்பதை நம் மாணவர்கள் அறிவர். ஏட்டில் படிக்கும் அவ்விலக்கணத்தை நாடகச் சிறுவர்கள் தம் உடலால் பயின்றனர் எனலாம். இராமச்சந்திரனின் குரல் அவ்வாறு உருவான குரல். 1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சதி லீலாவதி திரைப்படத்தில் காவல்துறை ஆய்வாளராகச் சிறு வேடமேற்றபோது அக்குரல் முதன்முதலாகத் திரையில் ஒலித்தது.

கோவை தந்த ஏற்றம்

அதன்பின் பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சிறுசிறு வேடங்களிலேயே காலம் கழிந்தது. அவரைக் கதாநாயகனாக்கிய பெருமை கோவைக்கு உரியது. ஜூபிடர் நிறுவனத்தார் கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுத்து 1947இல் வெளியிட்ட ராஜகுமாரி படத்தில் அவர் முதன்முதலாக நாயகனானார். ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கிய அப்படத்தின் வசன ஆக்கத்தில் இளைஞரான மு. கருணாநிதியும் பங்குகொண்டார். கோவையைச் சேர்ந்த சாண்டோ சின்னப்பா தேவர் அதில் நடித்தார். பின்னாளில் தமிழகத்தின் வரலாற்றில் இடம்பெறவிருந்த பலர் நொய்யலாற்றின் கரையூரில் வேலைதேடிக் கூடியிருந்த காலம் அது.

1954இல் வெளிவந்த மலைக்கள்ளனும் கோவையின் படைப்பே. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை எழுதிய புதினத்தைப் பட்சிராஜா ஸ்டுடியோ உரிமையாளர் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு படமாக்கினார். கதை தந்தவரும் கொங்கு நாட்டவர். படம் எடுத்த இடமும் கொங்கு நாடு. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற அப்படம் எம்.ஜி.ஆரைத் தமிழகத்தின் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசேர்த்தது.

திரைப்படம் அவருடைய குரலுக்கு நாடகம் தராத ஒன்றைத் தந்தது. நாடக மேடையில் நடிகரின் முகம் தொலைவில் இருந்தது. திரையிலோ அண்மைக் காட்சியில் முகம் சுவரளவு விரிந்து நின்றது. சொல்லைக் கேட்பதோடு சொல்லும் உதடுகளையும் மக்கள் கண்டனர். இஃது ஏன் இன்றியமையாதது என்பதை அறியக் கோவையின் பஞ்சாலைகளுக்குள் சற்றே நுழைந்து வருதல் வேண்டும்.

ஆலை இரைச்சலில் ஒரு பாடம்

கோவையில் முதல் பஞ்சாலை 1888இல் தோன்றியது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்தபின் ஆலைகள் பெருகின. பின்னர்ச் சோமனூர், பல்லடம் பகுதிகளில் விசைத்தறிகள் பெருகின. இயல்பான உரையாடலின் ஒலியளவு ஏறத்தாழ 60 டெசிபல் ஆகும். தறிக்கூடங்களிலோ அது 90ஐக் கடந்துவிடுவது உண்டு. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரப் பணிக்கு 90 டெசிபலை வரம்பாக வைத்துள்ளன. அவ்வளவு இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் உழைப்போரின் உட்செவியிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை.

இவ்வழிவு எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. வினாடிக்கு ஏறக்குறைய 4,000 அதிர்வுகள் கொண்ட உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறனே முதலில் குறைகின்றது. உயிரெழுத்துகளின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வுகளில் உள்ளது. க, ச, ட, த, ப முதலான வல்லின மெய்களை இனங்காட்டும் குறிப்புகளோ உயர்ந்த அதிர்வுகளில், மிக மெல்லியனவாக, இமைப்பொழுதினும் குறைந்த நேரமே தோன்றி மறைகின்றன. ஆதலால் இத்தகையோர்க்குப் பிறர் பேசுவது கேட்கும். என்ன பேசினார் என்பது விளங்காது. குரல் காதில் விழுகிறது, சொல் பிடிபடவில்லை என்று ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர்கள் கூறுவதன் காரணம் இதுவே. வீட்டிலுள்ளோர் இதனை அறியாமல், வேண்டும்போது மட்டும் காது கேட்கிறது என்று அவர்களை எள்ளுவதும் உண்டு.

அமெரிக்க அறிஞர்களான ஜார்ஜ் மில்லரும் பாட்ரீசியா நைஸ்லியும் 1955இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. இரைச்சல் மிகும்போது மெய்யொலி வாயில் எவ்விடத்தில் பிறந்தது என்பதே எளிதில் மறைந்துபோகின்றது. அது மூக்கொலியா அன்றா என்பது அவ்வளவு எளிதில் மறைவதில்லை. தமிழில் இதற்கு எடுத்துக்காட்டுக் கூறலாம். இரைச்சலில் பாலை, காலை என்னும் சொற்கள் ஒன்றுபோல் ஒலிக்கும். பாலை, மாலை என்பவற்றைப் பிரித்தறிவது அதனினும் எளிது. மகரத்தின் மூக்கொலி காட்டிக்கொடுத்துவிடும்.

கண்ணால் காணும்போது நிலைமை தலைகீழாகின்றது. பாலை, காலை என்பவற்றை உதடு பார்த்தே பிரித்துவிடலாம். பகரத்திற்கு இதழ்கள் கூடும், ககரத்திற்குக் கூடா. ஆனால் பாலை, மாலை இரண்டிற்கும் இதழ்கள் ஒன்றுபோலவே கூடுவதால் கண்ணுக்கு அவை வேறுபாடற்றவை. செவி தடுமாறும் இடத்தில் கண் உதவுகிறது. கண் தடுமாறும் இடத்தில் செவி உதவுகிறது. இரண்டும் சேர்ந்தே சொல்லைக் கரைசேர்க்கின்றன. தறிக்கூடத்தில் தொழிலாளர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தும் கைச்சாடை காட்டியும் பேசிக்கொள்வது இதனால்தான். கல், கள் போன்ற சொற்களில் வேறுபாடு நாவின் மடிப்பில், வாய்க்குள்ளே மறைந்திருப்பதால் அங்கே கண்ணும் பயன்படாது. இடமும் சூழலும் அறிந்த மனமே அவ்வேறுபாட்டை ஊகித்து நிரப்புகின்றது.

பகலெல்லாம் இவ்விரைச்சலில் உழன்ற தொழிலாளர் மாலையில் டூரிங் கொட்டகையிலும் திரையரங்கிலும் சென்று அமர்ந்தபோது, பெரிதாக விரிந்த முகமும் திருத்தமான உச்சரிப்பும் அவர்களுக்குச் சொல்லை எளிதாக்கின. சீழ்க்கையும் கைதட்டலும் நிறைந்த அரங்கிலும் அவர்கள் வசனத்தைத் தவறவிடவில்லை. இரண்டாம் முறை பார்ப்பவருக்கு அடுத்து வரும் சொல் முன்னரே தெரியும். தெரிந்த சொல்லை இரைச்சலிலும் இனங்காண்பது எளிது. எம்.ஜி.ஆரின் குரல் இவ்வாறு கொங்கு நாட்டு உழைப்பாளர்களின் செவியில் பல்லாண்டுகள் பதிந்தது.

1967ஆம் ஆண்டின் பொங்கல்

1967 சனவரி 12ஆம் நாள் மாலை, சென்னை நந்தம்பாக்கம் இராமாவரம் தோட்டத்து இல்லத்தில் நடிகர் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைத் துப்பாக்கியால் சுட்டார். குண்டு இடச்செவியின் அருகே பாய்ந்து கழுத்தில் தங்கியது. இராயப்பேட்டை மருத்துவமனைக்கும், பின்னர் அரசு பொது மருத்துவமனைக்கும் அவர் கொண்டுசெல்லப்பட்டார். உயிர் பிழைத்தது. ஆனால் இடச்செவியின் கேட்கும் திறன் போயிற்று. நாடகச் சிறுவனாக இருந்த நாள்தொட்டு வளர்த்த குரல் சிதைந்தது. அந்நாளில் அவருக்கு அகவை 50 நிறைவதற்கு ஐந்து நாள்களே எஞ்சியிருந்தன.

பொங்கலையொட்டி அந்நாள்களில் திரைக்கு வந்த படம் தேவர் பிலிம்ஸின் தாய்க்குத் தலைமகன் ஆகும். கோவைச் சின்னப்பா தேவரின் நிறுவனம் அது. மருத்துவமனையில் எம்.ஜி.ஆர். பேச இயலாது கிடக்க, திரையரங்குகளில் அவருடைய பழைய குரல் கணீரென்று ஒலித்துக்கொண்டிருந்தது. கழுத்தில் கட்டுடன் அவர் படுத்திருந்த படம் தமிழகமெங்கும் சுவரொட்டியாயிற்று. ஒரு சொல்லும் பேசாமலே பரங்கிமலைத் தொகுதியில் அவர் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நடிகருக்குக் குரல் போவது உழவருக்கு நிலம் போவதற்கு ஒப்பாகும். மற்றொருவரைக் கொண்டு குரல் கொடுக்கச் செய்யும் வழக்கம் திரையுலகில் புதியதன்று. ஆயினும் அவர் தம் சொந்தக் குரலிலேயே மீண்டும் பேசி நடித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த காவல்காரன் படத்தில் பழைய குரலும் புதிய குரலும் அடுத்தடுத்து ஒலித்தன. ஆண்டின் இறுதிக்குள் தேவர் பிலிம்ஸின் விவசாயி வந்தது. ஒரே ஆண்டில், ஒரே கோவை நிறுவனத்தின் இரு படங்கள், அவர் வாழ்வின் அந்தக் கோட்டிற்கு இப்புறமும் அப்புறமும் நிற்கின்றன.

செவி கற்றுக்கொண்ட பாடம்

புதிய குரல் அடைத்தாற்போலவும் குழறலாகவும் இருந்தது. சொற்களின் விளிம்புகள் மழுங்கியிருந்தன. முதல் முறை கேட்டவர்கள் திடுக்கிட்டனர்; வருந்தினர். ஆனால் அவரைக் கைவிடவில்லை. சில படங்களுக்குள் அப்புதிய குரலே எம்.ஜி.ஆரின் குரல் என்றாகிவிட்டது. 1971இல் வந்த ரிக்‌ஷாக்காரன் படத்திற்காக இந்தியாவின் சிறந்த நடிகருக்கான பாரத் விருது 1972இல் அவருக்கு வழங்கப்பட்டது. சிதைந்த குரலோடு பெற்ற விருது அது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இஃது எவ்வாறு நிகழ்ந்தது? அன்பினால் என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். அவ்வன்பு செவிவழியாக எப்படிச் செயற்பட்டது என்பதற்கு அறிவியல் விடை கூறுகின்றது. மனித மூளை ஒலியை அப்படியே வாங்கி வைக்கும் கலமன்று. பேசுபவருடைய குரலின் இயல்பை அது கற்றுக்கொள்கிறது; அடுத்த சொல்லை எதிர்பார்க்கிறது; விடுபட்ட ஒலியைத் தானே இட்டு நிரப்புகிறது. 1970இல் ரிச்சர்டு வாரன் என்னும் அறிஞர் ஒரு வாக்கியத்தில் ஓர் ஒலியை முற்றிலும் நீக்கி, அவ்விடத்தில் ஓர் இருமலை வைத்து ஒலிபரப்பினார். கேட்டவர்கள் ஒலி நீங்கியதையே உணரவில்லை. சொல் முழுமையாகக் கேட்டதாகவே கருதினர். பழகிய குரலை இரைச்சலிலும் எளிதாக விளங்கிக்கொள்கிறோம் என்பதையும், சிதைந்த பேச்சுக்கும் சிறிது நேரம் செவிகொடுத்தால் மூளை பழகிக்கொள்கிறது என்பதையும் பிற்கால ஆய்வுகள் மெய்ப்பித்துள்ளன.

ஆகவே பேச்சின் தெளிவு பேசுபவரை மட்டும் சார்ந்ததன்று. கேட்பவர் செலுத்தும் உழைப்பும் அதில் அடங்கியுள்ளது. தமிழக மக்கள் அவ்வுழைப்பை மனமுவந்து செலுத்தினர். முகத்தை உற்று நோக்கினர்; கையசைவைக் கவனித்தனர்; சூழலைக் கொண்டு ஊகித்தனர். ஒலியில் குறைந்ததை உள்ளத்தால் நிரப்பினர்.

ஒற்றைச் செவியும் பெருங்கூட்டமும்

மக்கள் அவரைக் கேட்ட கதை இது. அவர் மக்களைக் கேட்ட கதை மற்றொன்று. ஒரு செவி மட்டும் உள்ளவர் அமைதியான அறையில் நேரெதிரே இருப்பவரோடு பேசுவதில் குறை காணமாட்டார். அதனால் அக்குறை பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. கூட்டத்தில்தான் இடர்ப்பாடு தொடங்குகின்றது.

ஓர் ஒலி வலப்புறமிருந்து வந்தால் வலச்செவியை ஒரு கணம் முன்னதாக அடைகிறது. இரு செவிகளுக்கும் இடையே நேரும் அந்த வேறுபாடு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அத்துணை நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே மூளை ஒலி வரும் திசையை அறிகிறது. மேலும், உயர்ந்த அதிர்வு ஒலிகளைத் தலை மறைத்துவிடுவதால் தொலைச்செவிக்கு அவை மெலிந்தே சேர்கின்றன. இரு செவிகள் இருந்தால் இரைச்சல் குறைந்த பக்கத்துச் செவியை மூளை பயன்படுத்திக்கொள்ளும். பலர் ஒருங்கே பேசும் இடத்தில் ஒருவர் பேச்சை மட்டும் நாம் பிரித்தெடுப்பது எங்ஙனம் என்பதை இங்கிலாந்து நாட்டுக் காலின் செர்ரி 1953இல் ஆராய்ந்தார். குரல்கள் வெவ்வேறு திசைகளில் அமைவது அதற்குப் பெருந்துணை என்பது பின்னர் உறுதியாயிற்று. ஒற்றைச் செவியினர்க்கு இத்துணைகள் இல்லை. செவியற்ற பக்கத்திலிருந்து அழைப்பவர் குரல் மழுங்கிச் சேரும்; திசை தெரியாது; பல குரல்கள் கலந்து ஒரே ஆரவாரமாகிவிடும்.

இத்தகைய செவியோடு அவர் தேர்ந்துகொண்ட வாழ்க்கையோ முழுவதும் கூட்டத்தாலானது. 1972 அக்டோபரில் அவர் தனிக்கட்சி கண்டார். 1977இல் முதலமைச்சரானார். கொங்கு நாடு அவருக்குத் தொடக்கந்தொட்டே அரணாக நின்ற பகுதிகளுள் ஒன்று. கோவையிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் அவர் சென்ற வழியெல்லாம் இருபுறமும் மக்கள் ஒருங்கே குரல் எழுப்பினர். சட்டமன்றம், மாநாடு, திறந்த ஊர்தி ஆகிய இவையனைத்தும் ஒற்றைச் செவிக்குக் கடுமையான களங்கள். 1982இல் கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம் தோன்றியதும், அதே ஆண்டில் சத்துணவுத் திட்டம் தொடங்கியதும் அவருடைய ஆட்சிக் காலத்தில்தான். அந்த ஆண்டுகளின் அலுவல்களையெல்லாம் அவர் வலச்செவி ஒன்றின் துணைகொண்டே நடத்தினார் என்பதை வரலாறு எழுதுவோர் மறந்துவிடுகின்றனர்.

மீண்டும் ஒரு மௌனம்

1984 அக்டோபர் 5ஆம் நாள் அவர் சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகம் செயலிழந்தது, பக்கவாதமும் தாக்கியது. நவம்பரில் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலுள்ள மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். டிசம்பரில் அங்கே சிறுநீரக மாற்று அறுவை நடைபெற்றது. தமையனார் மகள் லீலாவதி சிறுநீரகம் அளித்தார். அத்திங்களிலேயே நடைபெற்ற தேர்தலில், மண்ணில் கால்வைக்காமலும் மேடையில் பேசாமலும், ஆண்டிப்பட்டித் தொகுதியில் அவர் வெற்றி பெற்றார். மருத்துவமனையில் அவர் இருக்கும் காட்சிகள் வீடியோ வழியே ஊர்தோறும் காட்டப்பட்டன. 1967இல் சுவரொட்டி பேசியது போல 1984இல் வீடியோ பேசியது.

1985 பிப்ரவரியில் தாயகம் திரும்பி மீண்டும் பொறுப்பேற்றார். இம்முறை பாதிக்கப்பட்டது தொண்டையும் செவியும் மட்டுமன்று; பேச்சை ஆளும் மூளைப் பகுதியே ஊறுபட்டிருந்தது. சொற்கள் அரியனவாயின; வந்தவையும் தடுமாறி வந்தன. பேச்சைப் பெருமையாகக் கருதும் தமிழக அரசியலில், அடுக்குமொழியால் ஆட்சி பிடித்தவர்கள் வாழ்ந்த காலத்தில், ஓரிரு சொற்களுக்கே அல்லற்பட்ட ஒருவர் கூட்டத்தின் முன் வந்து நின்றார். மக்கள் அந்த ஓரிரு சொற்களுக்காகக் காத்து நின்றனர். 1987 டிசம்பர் 24ஆம் நாள் விடியற்காலையில் அவர் மறைந்தார். மறுஆண்டில் நாட்டின் மிக உயர்ந்த பாரத ரத்னா விருது அவருக்கு அளிக்கப்பட்டது.

தோட்டத்தில் எழுந்த பள்ளி

அவருக்கு மக்கட்பேறு இல்லை. மறைவுக்குமுன் எழுதிவைத்த உயிலில், தாம் வாழ்ந்த இராமாவரம் தோட்டத்தில் செவித்திறனும் பேச்சுத்திறனும் குறைந்த குழந்தைகளுக்கு இல்லமும் பள்ளியும் அமைய வழி செய்திருந்தார். அதன்படி 1990இல் அங்கே பள்ளி தோன்றியது. பின்னர் மேனிலைப் பள்ளியாக வளர்ந்தது. எந்த வீட்டில் குண்டு பாய்ந்து அவருடைய ஒரு செவியும் குரலும் பறிபோயினவோ, அந்த வீட்டின் தோட்டத்திலேயே செவிகேளாக் குழந்தைகள் கல்வி பெறுகின்றனர். தம் துன்பத்தை எண்ணித்தான் இவ்வாறு செய்தாரா என்பதை அவர் உள்ளமே அறியும். ஆயினும் அந்நிலத்தில் நிற்கும் எவருக்கும் அவ்வெண்ணம் தோன்றாமற் போகாது.

நாம் செலுத்த வேண்டிய கடன்

இவ்வாழ்க்கையிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? குழறிய குரலைக் கேட்டுப் பழகும் பொறுமை தமிழ் மக்களிடம் உண்டு என்பதை அவர் வாழ்வு ஐயத்திற்கிடமின்றிக் காட்டிவிட்டது. அப்பொறுமையைப் புகழ்பெற்ற ஒருவருக்கு வாரி வழங்கிய நாம், நம் வீட்டுத் திண்ணையில் இருக்கும் பாட்டனாருக்கு வழங்குகிறோமா? முப்பதாண்டுகள் தறியடித்துச் செவியிழந்த அவர் மறுமுறை கேட்டால் நாம் சலித்துக்கொள்கிறோம். பக்கவாதத்தால் நாத்தளர்ந்த உறவினர் ஒரு சொல்லைத் தேடும்போது, அதற்குள் நாமே பேசி முடித்துவிடுகிறோம். வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவன் விடை கூறாவிடில் மந்தமென்று முடிவு கட்டுகிறோம். மின்விசிறி ஒலியில் அவனுக்கு வினாவே கேட்கவில்லை என்பதை எண்ணுவதில்லை.

செய்ய வேண்டுவன அரியனவல்ல. செவி குறைந்தவரோடு பேசும்போது முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரே நிற்க வேண்டும். ஒரு செவி மட்டும் கேட்பவராயின் அந்தப் பக்கமாக அமர வேண்டும். தொலைக்காட்சியையும் மிக்சியையும் நிறுத்திவிட்டுப் பேச வேண்டும். கத்துதல் பயன்படாது, சற்றே நிறுத்தி, திருத்தமாகச் சொன்னால் போதும். ஒரு சொல் விளங்காவிடில் அதையே திரும்பத் திரும்பக் கூறாமல் வேறு சொல்லால் கூற வேண்டும். பாலை என்பது பிடிபடாதவருக்குச் சுரம் என்பது பிடிபடக்கூடும். குழந்தை பிறந்தவுடனே செவியைச் சோதிக்கும் முறை இன்று உண்டு. பிறவியில் செவிகேளாத சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்துவதற்குத் தமிழ்நாட்டு அரசின் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. சைகை மொழியும் முழுமையான ஒரு மொழியே என்று அறிஞர் உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. தறிக்கூடங்களில் செவிக்காப்பு அணியும் பழக்கம் பரவினால் நாளைய முதியவர்களேனும் தப்புவர்.

தமிழ் பயிலும் மாணவர்களுக்கு இதில் தனிக்கடமையும் உண்டு. எழுத்துகளின் பிறப்பிடத்தைத் தேர்வுக்காக மட்டும் படிக்காமல், எவ்வொலி எவருக்குக் கேட்காது, எவ்வெழுத்து எவர் கண்ணுக்குத் தெரியாது என்று ஆராயும் துறை தமிழில் வளர வேண்டும். லகர ளகர ழகரங்களைச் செவிகேளாக் குழந்தைக்குக் கற்பிக்கும் வழியைக் காண்பவர் தமிழுக்குச் செய்யும் தொண்டு சிறியதாகாது.

கோவையில் ஓங்கி ஒலித்த அக்குரல் மழுங்கியபோதும் மக்கள் அதனைக் கேட்டனர். ஏறக்குறைய அடங்கியபோதும் காத்திருந்து கேட்டனர். அக்காத்திருப்பைப் பெறத் தலைவராகவோ நடிகராகவோ இருத்தல் வேண்டுவதில்லை என்னும் நிலையை நம் இல்லங்களில் உருவாக்குவோமாயின், இராமாவரம் தோட்டத்தில் தொடங்கிய அறம் நொய்யற் கரையிலும் தழைக்கும்.